இலையிலிருந்து தோலுக்கு

நாள் 212, காலை
செவ்வாய்க் கிரகத் தோட்ட நிலையம். எழுதுபவர் அருள்மலர், கால்நடை மருத்துவர். உடனிருப்பவர் பொறியாளர் ஜமால்தீன், காயல்பட்டினத்துக்காரர். வேறு யாரும் இல்லை. கத்தரி இலைகளுக்கு அடியில் உண்ணி பிடித்திருக்கிறது, கந்தகம் தூவினேன். எங்களை ஊருக்கு அழைத்துப்போகும் விண்கப்பல் அடுத்த வாரம் வரும்.

நாள் 215, மாலை
தோட்டத்தில் வளர்க்கும் முயல்களுக்குச் சொறி. காது மடலில் சாம்பல் நிறப் பொருக்கு. பெயர்த்தால் சீழ் நாற்றம். நுண்ணோக்கியில் பார்த்தேன். செடி உண்ணி இலைச் சாற்றை உறிஞ்சும், விலங்கு உண்ணி தோலைக் குடையும், ஒன்றின் இடத்தில் மற்றது பிழைக்காது என்றுதான் படித்திருக்கிறேன். இங்கே இலையில் இருந்ததும் காதில் இருப்பதும் ஒரே உண்ணி.

நாள் 217, மதியம்
ஜமாலின் விரலிடுக்கில் சிவந்த கோடுகள். ஊசியால் கீறினேன். அதே உண்ணி. தோலுக்குள் அது தோண்டிய வழியெங்கும் முட்டையும் கழிவும். வாந்தி எடுத்தேன். அவரை மருத்துவ அறையில் வைத்துப் பூட்டினேன். இன்டர்காமில் கேட்டார்: "டாக்டர், அலர்ஜின்னு எழுதிருங்களேன். ஊர்ல பொறந்த பிள்ளைய நான் இன்னும் பாக்கவே இல்ல."

நாள் 218
கப்பலின் கேப்டன் வெரோனிகா அழைத்தார். உண்மையைச் சொன்னேன்.
"அப்ப நாங்க இறங்க முடியாது டாக்டர். மேலயே சுத்திக்கிட்டு இருக்கோம். சரியானதும் சொல்லுங்க."
ஜமாலும் இன்டர்காமில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழும் சத்தம் வந்தது. கூடவே, விடாமல் சொறியும் சத்தம்.

நாள் 220
உண்ணி சாகட்டும் என்று தோட்டத்தை வெளிக்குளிருக்குத் திறந்துவிட்டேன். செடிகள் கருகின. முயல்கள் விறைத்துவிட்டன. அவற்றின் பொருக்கு மட்டும் இன்னும் ஊர்கிறது.
என் இடுப்பிலும் அரிப்பு. கழுத்துவரை களிம்பு பூசினேன். சொறிந்தால் நகக்கண்ணில் ஈர மாவு. அந்த மாவும் நெளிகிறது. என் உடம்பைத் தொட எனக்கே குமட்டுகிறது.

நாள் 221
"டாக்டர், அரிப்பு நின்னுபோச்சு. கதவத் திறங்க. ஒண்ணும் செய்யாது."
கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஜமால் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் கன்னத்துத் தோல் அசைந்துகொண்டிருந்தது. திறக்க மாட்டேன். தூங்கவும் மாட்டேன். முதுகில் கை எட்டாத இடத்தில் எல்லாம்...

நாள் 222
எனக்கும் நின்றுவிட்டது. அப்பாடா, என்ன சுகம். கதவைத் திறந்தேன். ஜமாலும் நானும் கைகோத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவரிடமிருந்து சில உண்ணிகள் என் கைக்கு ஏறின. என்னுடையவை அவருக்குப் போயின. குமட்டவில்லை. பாசமாக இருந்தது.
கேப்டனிடம் பேசினேன். "எல்லாம் சரியாயிடுச்சு. இறங்குங்க."
"ரொம்ப சந்தோஷம் டாக்டர். சாயங்காலம் வந்துருவோம். இங்க எல்லாரும் உங்களப் பாக்கணும்னு துடிச்சுக்கிட்டு இருக்காங்க."
இறங்குதளத்தில் விளக்குகளைப் போட்டுவிட்டேன். வாசலில் நிற்கிறோம். கையுறை போட்டுக்கொள்ளவில்லை.