அட்டைப் பண்ணையைப் பார்க்க வந்தவர்கள்

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. வாசலெல்லாம் மணல். கூட்டிக் கூட்டி இடுப்பு நோ.

பின்னேரம் மச்சாள் மெற்றில்டா வந்தாள். என் மனுசன் சூசையின் தங்கை. கடலட்டைக் குழுவின் தலைவியும் அவள்தான். கையில் பனங்கட்டி. அவள் சும்மா பனங்கட்டி கொண்டு வருகிற ஆள் இல்லை.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து வங்கி ஆட்கள் வருகிறார்களாம். அட்டைப் பண்ணையை எங்கள் கரைக்கு வெள்ளோட்டமாகத்தான் தந்தார்கள். சரிவந்ததா, இரண்டாம் கட்டம் கொடுக்கலாமா என்று பார்த்து எழுதப் போகிறார்களாம்.

"நீங்கள் வரவேணும் எண்டில்லை மச்சாள். அண்ணை செத்து இன்னும் வருசம் திரும்பேல்லை. கறுப்புச் சீலையோட கூட்டத்துக்கு வந்தா சனம் கதைக்கும்."

உயிர்த்த ஞாயிறுக்கு நான் வெளியே வராமல் கிடந்தபோது, "செத்தவரோட நீங்களும் சாகப் போறியளோ" என்று ஏசியவள் இவள்தான். இப்போது கறுப்பு நினைவுக்கு வந்திருக்கிறது.

தேத்தண்ணீர் கொடுத்தேன். பனங்கட்டியை வாங்கி வைத்தேன். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

யூலை 9, புதன்

விறகு. கோழிக்குத் தவிடு. கல்லறைக்குச் சுண்ணாம்பு.

கடையில் இரண்டு பெண்கள். நான் பின்னால் நிற்பது தெரியாது.

"சூசையண்ணை மீன்பிடித் தொழிலுக்குப் போய்த்தானே செத்தவர்?"

"ஓம். அந்தக் காத்துக்குள்ள ஆர் போகச் சொன்னது? பேராசை."

தவிடு வாங்காமல் வந்துவிட்டேன்.

பேராசையாம். நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு வந்த வாடைக் காற்று அது. ரேடியோவில் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. விடிந்தால் பண்ணையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், காவல் இல்லாவிட்டால் கள்ளர் வலையை அறுத்துவிடுவார்கள் என்று திட்டத்து இணைப்பாளர் போன் எடுத்தார். அன்று காவல் முறை மெற்றில்டாவின் மனுசன் அன்ரனுக்கு. காய்ச்சல் என்றான். இவர் போனார். கடலுக்குள் கட்டியிருந்த காவல் கொட்டில் இவரையும் கொண்டு காலோடு போய்விட்டது.

இவரின் உடல் எருக்கலம்பிட்டிப் பக்கம் கரை ஒதுங்கியது. அந்த ஊர் ஆட்கள் தங்கள் சாரத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். நல்லா இருக்கட்டும் அவர்கள்.

பண்ணையில் செத்தார் என்றால் திட்டம் நின்றுவிடும். அதனால் சொந்தத் தொழிலுக்குப் போய்ச் செத்தார் என்று வங்கிக்குச் சொல்லிவிட்டார்கள், மெற்றில்டாவும் இணைப்பாளரும். நான் அப்போது சோறா மண்ணா என்று தெரியாமல் கிடந்தேன்.

யூலை 11, வெள்ளி

அன்ரன் வந்தான். இருக்கச் சொல்லவில்லை. கதிரை இருந்தது.

"அக்கா, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"அவர் எங்க செத்தவர் எண்டு வாற ஆக்களுக்குச் சொல்ல வேணும்."

"சொன்னா வருவாரோ?"

"சொல்லாட்டி வருவாரோ?"

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ரெண்டாம் கட்டம் வராவிட்டால் தன் பிள்ளைகள் நடுத்தெருவில் என்றான். பிள்ளைகள்மேல் எனக்கு என்ன கோபம். மூத்தவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து.

இரவு சாப்பிடவில்லை.

யூலை 12, சனி

போனேன். கறுப்புச் சீலையோடு முன் கதிரையில். பக்கத்துக் கதிரையில் ஒருத்தரும் இருக்கவில்லை.

கோயில் மண்டபம். ரோல்ஸ், சோடா. வந்தவர்களில் பெரியவ நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா, காலில் சப்பாத்து. அவ இங்கிலீசில் கேட்க, இணைப்பாளர் தமிழில் சொன்னார்.

வருமானம் கூடியதா? கூடியது, கூடியது. வீட்டில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பு வந்ததா?

"வந்தது," என்றாள் குழுவில் இருக்கும் திரேசா. "என்ர மனுசன் இப்ப என்னட்டக் கேட்டுட்டுத்தான் குடிக்கிறார்."

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்க முதல் எழும்பிவிட்டேன். இல்லாவிட்டால் எழும்பியிருக்க மாட்டேன். காற்று, போன், கொட்டில், எருக்கலம்பிட்டி எல்லாம் சொன்னேன்.

இணைப்பாளர் ஒரு வரியில் முடித்தார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் சூசை என்ற பேர் அதில் வரவில்லை.

"தம்பி, அவரின்ர பேரைச் சொல்லும்."

"சொன்னனான் அம்மா. இருங்கோ."

"சொல்லேல்லை."

அந்த அம்மாவைப் பார்த்து நானே சொன்னேன். சூசை. கடலைக் காட்டினேன். திரும்பவும் சூசை. அவ இணைப்பாளரிடம் ஏதோ கேட்டா. இந்த முறை அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் சொன்னார். பேர் வந்தது. இரண்டு தரம் வந்தது.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தா. ஏதோ தட்டி எழுதினா. பிறகு திரேசா பக்கம் திரும்பி, வலை எத்தனை நாள் தாங்குகிறது என்று கேட்டா.

எனக்கு ரோல்ஸ் தரவில்லை. பசிக்கவும் இல்லை.

யூலை 13, ஞாயிறு

பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் கை கூப்பித் திரும்பினேன். மெற்றில்டா மற்றப் பக்கம் திரும்பினாள். திரேசா மட்டும் தலையை ஆட்டினாள், அதுவும் பட்டும் படாமல்.

கல்லறைக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்தேன். சொல்லிப்போட்டன் என்றேன் அவரிடம்.

ஓகஸ்ட் 28, வியாழன்

காலையில் தூறல். மத்தியானம் வெயில். இத்தனை நாளைக்குப் பிறகு மெற்றில்டா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் செம்மஞ்சள் நிறத்தில் புது லைஃப் ஜக்கெற்.

"ரெண்டாம் கட்டம் சரிவந்திட்டுது மச்சாள்."

"அவரைப் பற்றி எழுதினவையோ?"

"இணைப்பாளர் வாசிச்சுக் காட்டினவர். காவல் கொட்டிலில ஒரு சம்பவம் நடந்தது எண்டு போட்டிருக்காம். அதாலதான் எல்லாருக்கும் இது தந்தவை."

"பேர்?"

"பேர் போட மாட்டினமாம். அது அவையின்ர முறையாம்."

ஜக்கெற்றை என் கதிரையில் வைத்தாள். அங்கத்தவருக்கு ஒன்றாம். இவரின் பேரைக் குழுவிலிருந்து இன்னும் எடுக்கவில்லையாம்.

"இண்டைக்கு ஆர் காவல்?"

"அன்ரன்."

"போட்டுக்கொண்டோ போறவன்?"

"இல்லை. புழுங்குதாம். ஆணியில கொழுவிக் கிடக்கு."

கதிரையில் கிடந்ததை எடுத்து அவளின் கையில் திணித்தேன்.

"இதையும் கொண்டு போ. ஒண்டையாவது போட வை. அவன் செத்தாலும் பேர் போட மாட்டாங்கள்."