கையெழுத்துத் தாள் வருவதற்கு முன்

இன்றைக்குக் காலையில் கடையைத் திறக்கும்போது எதிர்ச் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். காலடியில் வாளி நிறைய மைதாப் பசை. அப்போதுதான் காய்ச்சிக் கொண்டுவந்திருப்பார் போல, ஆவி பறந்தது. அந்த வாசனை ரோட்டைத் தாண்டி வந்து என் பாய்லர் பக்கத்தில் நின்றுவிட்டது, சார். உங்கள் விரலில் வருசம் பூரா இருந்த வாசனை. விடைத்தாள் கட்டுகளுக்கு உறை ஒட்டி ஒட்டி, நீங்கள் கை கழுவினாலும் அது போகாது. "கிளாஸைப் பார்த்துப் பிடிங்க சார், உங்க கையோட ஒட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் வந்துடப்போவுது" என்று நான் சொல்லாத நாளே கிடையாது.

போஸ்டர்காரர் பழசைக் கிழித்தார். அதற்கடியில் இன்னொன்று இருந்தது. அதையும் உரித்தார். அதற்கடியில் நீங்கள் இருந்தீர்கள்.

முழுசாக இல்லை. ஒரு காது, பாதி மூக்குக்கண்ணாடி, நாமத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் மிச்சம். பாதிக் கண்ணாடி வழியாக என் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் புதுப் போஸ்டர் உங்கள் மேல் ஏறிவிட்டது. 'அரியரா? கவலையை எங்களிடம் விடுங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மறுபடியும் பரீட்சை சீசன் வந்துவிட்டது, சார்.

நாலாங்கிளாஸோடு நின்றவள் நான். காந்தி மார்க்கெட்டில் இஞ்சியும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு வந்து காலேஜ் கேட்டுக்கு எதிரே டீ போடுகிறவள். நீங்கள் அந்தக் காலேஜின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். மார்க் ஷீட்டில் இருக்கிற எழுத்துக்கெல்லாம் எனக்கு அர்த்தம் சொன்னது நீங்கள்தான். ஆர்.ஏ. என்றால் திரும்ப எழுதணும். டபிள்யூ.எச். என்றால் ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று ஏ வரிசையாக இருந்தால் ஆப்சென்ட். இதைத் தெரிந்துகொண்டு பசங்களை நான் படுத்தின பாடு கொஞ்சமா? "என்னடா ஆர்.ஏ., இன்னொரு டீயும் திரும்பக் குடிக்கணுமா?" என்பேன். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பீர்கள்.

ஒருநாள் ஃபெயிலான பையன் ஒருவன் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். நீங்கள் அவனிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஃபெயிலுக்கு ஒரு மார்க் உண்டுடா. பன்னண்டோ பதினஞ்சோ, அது நீ எழுதினது. ஆப்சென்டுக்கு மார்க்கே கிடையாது. வெறும் எழுத்துதான்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். நீங்கள் மட்டும் கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஒவ்வொரு பரீட்சை சமயத்திலும் ஒரு மாசம் உங்களைத் தேர்வுப் பிரிவுக்குள் விடமாட்டார்கள். நூலகத்தில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அந்த மாசம் முழுக்க என் கடையில்தான் பாதி நேரம் இருப்பீர்கள். "என்ன சார், கேள்வித்தாளை வித்துட்டீங்களா? உள்ள சேர்க்க மாட்டேங்கறாங்க" என்று ஒருநாள் சீண்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"நானே பரீட்சை எழுதறவன், பாக்யம். ஆபீஸ்ல வேலை பார்க்கறவா யாராவது எழுதினா, அந்த சீசன்ல அந்தப் பக்கமே போகப்படாது. அது ரூல்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே காலேஜில் சாயங்கால வகுப்பில் பி.காம். சேர்ந்திருக்கிறீர்கள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததில் ஒரு பருவம் வகுப்புக்கே போகவில்லை. மற்றதெல்லாம் பாஸ். புள்ளியியல் மட்டும் நின்றுவிட்டது.

"ஊருக்கெல்லாம் மார்க் ஷீட் அனுப்புற ஆளு, உங்க கையில ஒண்ணு இல்லையா?"

"இல்லை. இன்டர்னல் இருபத்தஞ்சு, எழுதறது எழுபத்தஞ்சு. ரெண்டும் சேர்ந்து நாப்பது வந்தா பாஸ். எனக்கு இன்டர்னல்ல எட்டு போட்டுட்டா. அதுல போட்டது போட்டதுதான். எத்தனை வருஷம் கழிச்சு எழுதினாலும் மாறாது. கூடவே வரும்."

கூடவே வரும் என்றபோது தோளுக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்தீர்கள். வெயில் நேரம்தான். ஆனால் எனக்கு முதுகு சில்லென்றது. அதை மறைக்கத்தான், "அப்ப எழுதி எடுக்க வேண்டியது முப்பத்திரண்டா? பல்லுக்கு ஒண்ணா வாங்கிடுங்க சார்" என்றேன்.

"எனக்குப் பல்லே ரெண்டு விழுந்துடுத்து" என்றீர்கள்.

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்ததும் அப்படியொரு சீசனில்தான். மானாவாரி நிலத்தில் கடலை போடுகிறவர்கள். அவர்களுடைய ஒரே பெண் இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தது. அதற்கு முந்தின பரீட்சை சமயத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனது. ஆபீசில் அந்தப் பெண்ணுடைய மார்க் ஷீட்டுகளையெல்லாம் அந்த அம்மா கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே வந்தவர்கள் உங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தார்கள்.

"சாமி, இத யாரோ படிச்சுச் சொன்னாங்க. கடைசித் தாளுல எம்பொண்ணு வரலைன்னு எழுதியிருக்காம்ல?"

நீங்கள் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். எனக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பாடத்துக்கு நேராகவும் மூன்று ஏ.

"அவ ஒருநா லீவு போட்டதில்ல சாமி. செத்தவளப் போயி வரலைன்னு எழுதலாமா? செத்துட்டான்னே எழுதுங்களேன். நான் ஒண்ணும் சொல்லல."

நீங்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, போகக் கூடாத அந்தப் பிரிவின் வாசல் வரைக்கும் போனீர்கள். வாசலில் நின்றே யாரிடமோ பேசினீர்கள். திரும்பி வரும்போது அதே தாள்தான் கையில் இருந்தது. அந்த அம்மா அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். நான் போட்டுவைத்த டீ ஆறிப்போனது. நீங்கள் தொடவில்லை.

"பாஸ், ஃபெயில், ஆப்சென்ட், நிறுத்தி வைப்பு. அந்த மிஷினுக்கு இவ்வளவுதான் தெரியும் பாக்யம். செத்தவாளுக்கு அதுல கட்டம் இல்லை."

ஆறின டீயைக் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கழுவினேன்.

அதற்கடுத்த வருசம் அறிவிப்பு வந்தது. பழைய பாடத்திட்டத்தை மூடுகிறார்கள், பழைய அரியர்காரர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் போனால் பாஸ் செய்த பாடங்களும் சேர்ந்து போய்விடும் என்று சொன்னீர்கள். "அப்புறம் என் ரெஜிஸ்டர் நம்பரே இருக்காது. நம்பர் செத்துடும்." உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் கிட்டே வந்துவிட்டது. பட்டமளிப்பு விழாவில் வருசா வருசம் பட்டங்களை அடுக்கின தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிற ஆள் நீங்கள். ஒரே ஒரு தடவை முன்னால் வந்து வாங்க வேண்டும். அதுதான் உங்கள் ஆசை. வேறு எதற்கும் நீங்கள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஹால் டிக்கெட்டுக்குப் புதுப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினீர்கள். நாமம் பளிச்சென்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காமல் நேராகப் பார்க்கிற படம். பின்னால் நீல நிறம்.

"என்ன சார் இது, ஹால் டிக்கெட்டுக்கா, கண்ணீர் அஞ்சலிக்கா?"

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ரெண்டுக்கும் ஒரே செலவாப் போயிடும்" என்றீர்கள். பெஞ்சில் இருந்த பசங்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சத்தம் இப்போதும் காதில் விழுகிறது. ஆனால் அதில் உங்கள் குரலை மட்டும் என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

பரீட்சை அன்றைக்கு எனக்கு முன்னாலேயே வந்து, பூட்டின கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தீர்கள். வெளுத்த சட்டை, இரண்டு பேனா. ஏன் தோளைத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "இடது தோள் ரெண்டு நாளா இழுக்கறது. பஸ்ல கம்பியைப் பிடிச்சுண்டே வந்தேன் பாரு" என்றீர்கள். இஞ்சி தட்டி டீ போட்டேன். நெற்றியில் வியர்வை. காலை வெயில் இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை, அதற்குள் வியர்வை.

"பிட்டு கிட்டு ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? இப்படி வேர்க்குது?"

"எங்க ஒளிக்கறது? நாமத்துக்கு நடுவிலயா?"

ஹால் டிக்கெட்டை என்னிடம் கொடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தேன். "இதை மனப்பாடம் பண்ணிக்கோ. ரிசல்ட் வந்தா எனக்குப் பார்க்க தைரியம் இருக்காது, நீதான் பார்த்துச் சொல்லணும்." நீள மணி அடித்தது. கிளாஸில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தீர்கள். "வரேன் பாக்யம்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினீர்கள். உங்களுக்குப் பின்னால் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடினார்.

பரீட்சை ஆரம்பித்ததும் இந்தத் தெரு எப்படி அடங்கிப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். பாய்லர் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் இருக்கும். அந்த அடக்கத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்தது. சாப்பிடாமல் வந்த ஏதோ பொண்ணு மயங்கி விழுந்திருக்கும், வழக்கமாக நடப்பதுதானே என்று எலுமிச்சை பிழிந்து சர்க்கரை கலக்கி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். "அக்கா, போங்க, இதுக்கு அது வேணாம்" என்றார் வாட்ச்மேன். அவருக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் போனது. வெளுத்த சட்டைக் கையொன்று வெளியே தொங்கியது. விரல் நுனியில் மை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே முடிந்துவிட்டதாம்.

அந்த ஹாலில் மேற்பார்வைக்கு இருந்த சின்ன வயசு வாத்தியார் மறுநாள் கடைக்கு வந்தார். டீ சொல்லாமல் நின்றார். "சார் பேப்பர் வாங்கினாருக்கா. நம்பர் எழுதினாரு. முதல் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

"எழுதின பேப்பரு எங்க?"

"லேட்டா வர்றவங்களுக்கு அரைமணி நேரம் விடுவோம். அது முடிஞ்சப்புறம்தான் கையெழுத்துத் தாள் சுத்தி வரும். சார் கையெழுத்துப் போடல. கையெழுத்து இல்லேன்னா அந்தப் பேப்பர் செல்லாதுக்கா. கோடு போட்டுத் திருப்பி அனுப்பணும். நான்தான் போட்டேன்." அவர் திரும்பிக் கேட்டைப் பார்த்தார். "பாதிக் கணக்கு போட்டிருந்தாரு. அது வரைக்கும் சரிதான்."

அன்று சாயங்காலமே உங்கள் ஆபீஸ்காரர்கள் எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். நீல நிறத்துக்கு முன்னால் நீங்கள், சிரிக்காமல், நேராக. பசை வாசனை தெரு முழுக்க. நான் கடையைச் சாத்திவிட்டேன்.

உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமி என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்த்ததும், "நீங்கதான் பாக்யமா?" என்றார்கள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அவர் எழுதினாரா?"

"எழுதினாரும்மா. பாதி வரைக்கும் சரியா எழுதினாரு."

மாமி கண்ணை மூடிக்கொண்டு, "எம்பெருமானே" என்றார்கள். கோடு போட்டதை நான் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு டீ குடிக்க வந்த ஒரு பெண்ணிடம் உங்கள் நம்பரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். போனில் தட்டிவிட்டு, "யாருக்கா இது? இன்டர்னல் எட்டு, எழுதினதுக்கு மூணு ஏ. ஆளு வரவே இல்லபோல" என்றாள்.

"வந்தாரு. எனக்கு முன்னாடியே வந்தாரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கூடவே வரும் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. அந்த எட்டு கடைசி வரைக்கும் உங்களோடு வந்தது. நீங்கள் போட்ட பாதிக் கணக்கைத்தான் காணவில்லை.

இன்றைக்குப் போஸ்டர் உங்களை மூடினதும் எனக்கு மனசு கேட்கவில்லை. வேறொரு பெண்ணிடம் அதே நம்பரைச் சொன்னேன். திரும்பத் திரும்பத் தட்டினாள். "இப்படி ஒரு நம்பரே இல்லன்னு வருதுக்கா. தப்பாச் சொல்றீங்களா?" நான் தப்பாகச் சொல்லவில்லை, சார். உங்கள் பேரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன், அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்போதும் நான் பசங்களைச் சீண்டுகிறேன். அது என் கூடப் பிறந்தது. ஆனால் பரீட்சை முடிந்து வருகிறவர்களிடம் பாஸா ஃபெயிலா என்று கேட்பதை விட்டுவிட்டேன். "கையெழுத்துப் போட்டியா?" என்று மட்டும்தான் கேட்கிறேன். எனக்குக் கையெழுத்து அக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேட்டுக்குள் நுழையும்போதே, "அக்கா, போட்டுடறோம்க்கா!" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். சிரித்துக்கொண்டே கை காட்டுகிறேன்.

இதோ நீள மணி அடித்துவிட்டது. கேட்டை இழுக்கிற சத்தம் கேட்கிறது. தெரு அடங்குகிறது. கையெழுத்துத் தாள் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. இந்த அரைமணி நேரத்துக்கு நான் யாருக்கும் டீ போடுவதில்லை, பேசுவதுமில்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி நிற்கிறேன்.