வாயுதான் என்றாயே, ஏழுமலை

என் அத்தை மகனே, அகில உலகத்துக்கும் எனக்காகச் சாட்சி சொன்ன ஏழுமலையே,

அங்கே சௌக்கியமா? இருக்காதே. நான் கோபமாக இருக்கிறேன்.

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு வசந்தி வந்தாள். வயது ஐந்து, கேள்வி ஐந்து லட்சம். கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துப் படகாக்கினோம். துடைப்பம்தான் துடுப்பு. பொன்னேரியில் புறப்பட்டு, பத்தே நிமிடத்தில் பழவேற்காடு ஏரியைக் கடந்து சிலோனையே தொட்டுவிட்டோம்!

அங்கேதான் நம் மீன் கதையை எடுத்துவிட்டேன். தலை பழவேற்காட்டில், வால் பொன்னேரி ஸ்டேஷனில். அது வாலைச் சுருட்டும்வரை மெட்ராஸ் ரயில் அரை நாள் நின்றதே, அந்த மீன்.

"வாலு எதுக்கு மாமா ஸ்டேஷனுக்கு வந்துச்சி? டிக்கெட்டு வாங்குச்சா?"

இந்த இடத்தில் நீ வர வேண்டும். நாற்பது வருடமாக இதுதானே வழக்கம்? நான் புளுகுவேன். நீ பீடியை இறக்கிவிட்டு, சிரிக்காமல், "ஆமா, நானே என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்பாய். வேறு பொய்யே சொல்லாதவன் என்பதால் ஊரே நம்பும். பழக்கத்தில் நீ உட்காரும் சுவரோரம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமா, நானே என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

சொன்னது வசந்தி. உன் பேச்சின் அதே இழுவை, உன் தலையாட்டல்.

"இன்னாடி இது? யாரு சொல்லிக் குடுத்தது?"

"ஏழுமலை மாமாதான். பொங்கலுக்கு முன்னாடி. 'டாக்டரு கைய விரிச்சிட்டாரு, நான் சாமிகிட்ட பூடுவேன். உங்க மாமா தனியா புளுகிக்கினு இருப்பாரு, பாவம். நீ ஆமா போடு'ன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கமர்கட்டு வாங்கிக் குடுத்தாரு."

சிலோன் கரையில் என் துடுப்பு நழுவி விழுந்தது.

என்னிடம் என்ன சொன்னாய்? "வெறும் வாயுடா." நான் காய்ச்சிய சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, குணமானவன் போல ஏப்பம்கூட விட்டாயே, துரோகி! ஊத்துக்கோட்டைக் கல்யாணத்துக்கு நான் தயங்கியபோது, "போடா, சும்மா பேஜாரு பண்ணாத" என்று நீயே பஸ் ஏற்றிவிட்டாய். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால் உன் வாசலில் சாவுப் பந்தல்.

ஈரேழு உலகத்தையும் ஏமாற்றியவன் நான். உன் ஒரு வார்த்தையில் விழுந்தேன். ஐந்து வயதுக் குழந்தை தாங்கும், நான் தாங்கமாட்டேன் என்றா நினைத்தாய்? கடைசி இரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே, அதையும் ஏனடா பறித்தாய்?

"அழுவுறியா மாமா?"

"சேச்சே. கண்ணுல ஒரு வண்டி மண்ணு வுழுந்துடுச்சி."

வசந்தி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆமா, நானே பார்த்தேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், நம் மீனை ஓர் அங்குலம்கூடக் குறைக்கமாட்டேன். ஆனால் அங்கே வந்ததும் என் முதல் கதை உன் வாயுவைப் பற்றித்தான். எல்லார் முன்னாலும் சொல்வேன். அப்போது மட்டும் நீ ஆமா போட்டே ஆகவேண்டும்.

ஒரே பொய்யில் ஏமாந்த
உன் மாமன் மகன்,
தாமோதரன்