கரண்ட் வந்தால் பிந்தும் கடிகாரம்

அன்புள்ள தாயோவுக்கு,

அபியோகூட்டாவிலிருந்து அம்மா. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஹூஸ்டனிலிருந்து நீ அனுப்பிய சிவப்பு எண் கடிகாரத்தை, கரண்டைக் குறைக்கும் பெட்டியோடு சேர்த்துக் கூடத்தில் வைத்தோம் அல்லவா, அப்பா பழைய சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, 'என் பையன் அனுப்பினது தப்பாவா ஓடும்' என்று தன் கைபேசி மணியையும் அதைப் பார்த்தே மாற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் காலை ஜெபத்துக்குச் சர்ச் கதவைத் திறக்கப் பிந்திப் போக ஆரம்பித்தார். ஜனங்கள் வாசலில் காத்து நின்றார்கள். முடிவெட்டும் பாபா ஷோலா, 'என்ன பெரியவரே, சாமிய உள்ள வச்சுப் பூட்டிட்டு நல்லாத் தூங்குனீங்களா' என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். உன் தங்கையின் கைபேசியைப் பார்த்து நாங்கள் கடிகாரத்தைத் திருத்திவைப்போம், அது மறுபடி பிந்தும். நீங்கதான் பொத்தானை அமுக்கிட்டு மறந்துபோறீங்க என்று நான் சத்தம் போட்டேன். 'இல்ல இயா தாயோ, நான் தொடவேயில்ல' என்று, எப்போதும்போல் உன் பேரைச் சேர்த்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர், போகப் போக, தொட்டிருப்பேனோ என்னவோ என்று தன் விரல்களையே பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் பாஸ்டர், 'கொஞ்ச நாள் ஓய்வெடுங்க பாபா தாயோ' என்று சர்ச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் தட்டில் வைத்த ஆமலாக் களியைத் தொடவேயில்லை.

உன் தங்கை மோரெனிகேதான் கண்டுபிடித்தாள். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், ஆனாலும் வாய் திறந்து பேசமாட்டாளே, பேசாமல் கவனித்திருக்கிறாள். தெருவில் கரண்ட் இல்லாதபோது கடிகாரம் சரியாக ஓடுகிறது, வந்துவிட்டால் பிந்துகிறது. உங்கள் ஊர் கரண்ட் நொடிக்கு அறுபது தடவை துடிக்குமாம், நம்முடையது ஐம்பதுதானாம். கடிகாரம் அறுபது துடிப்பை எண்ணி முடித்தால்தான் ஒரு நொடி என்கிறது. கரண்ட் போனதும் எண்ண ஒன்றுமில்லாமல், பேட்டரி பலத்தில், தனக்குள்ளே இருக்கும் சின்னப் படிகத்தை வைத்துச் சரியாக ஓடுகிறது. அவள் கைபேசியோ டவரிலிருந்து தானாகவே மணி வாங்குகிறது, அதனால் அது பிசகவில்லை. 'அப்பாமேல தப்பே இல்லம்மா' என்றாள்.

பாஸ்டரே வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தார். அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், பாபா ஷோலாவிடம், 'புத்தி கெட்டது கடிகாரத்துக்குய்யா, எனக்கில்ல' என்றாராம். பழைய சுவர்க் கடிகாரத்தை மறுபடி மாட்டிவிட்டோம்.

தாயோ, நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். 'தாயோ ஸ்கூல்ல இருந்து வர்ற நேரமாச்சே' என்றார். நிமிர்ந்து பார்த்தேன், சுவர்க் கடிகாரம் சரியான மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டை வைத்துவிட்டேன். மோரெனிகேயிடம்கூட இதைச் சொல்லவில்லை, அவள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா கடிகாரக் கதையைச் சொல்வார். முதல் தடவை கேட்பதுபோலச் சிரி, எதையும் காட்டிக்கொள்ளாதே. நீ போகிற வாசலெல்லாம் உனக்குத் திறந்திருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். வேறு கடிகாரம் ஒன்றும் அனுப்ப வேண்டாம், அப்பாவுக்கு உன் முகம் இன்னும் அடையாளம் தெரிகிறபோதே நீ வந்துவிடு.

உன் அம்மா,
இயா தாயோ