உன் அப்பாவின் முதுகும் நான் வாங்கிய பையும்

என் செல்ல மகள் இல்மாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முதுகும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீயும் நீ மருந்து கொடுத்துக் காப்பாற்றும் செம்மறியாடுகளும் அந்த நியூசிலாந்துக் குளிரில் நடுங்காமல் நன்றாக இருக்க வேண்டும். தட்டு மாதிரி பிளாஸ்டிக் டிஸ்க்கைச் சங்கிலிக் கூடையில் வீசுகிற அந்த டிஸ்க் கோல்ஃப் போட்டியைப் பற்றி அப்பா போனில் சொன்னதை நீ அப்படியே நம்பியிருப்பாய். "உங்கம்மாவாலதான் தோத்தோம்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது நான் அடுப்பில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன், போனைப் பிடுங்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறேன்.

பனி உருகின வாரத்தில் அவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியது உனக்குத் தெரியும். "ஊரெல்லாம் டிஸ்க் வீசினேன், கடைசியில என் சொந்த டிஸ்க்கே பறந்துடுச்சு" என்று படுக்கையிலிருந்தே நர்சிடம் ஜோக் அடித்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பிசியோதெரபி பார்க்கிற பெண் மெதுவாக விளையாடலாம் என்றுதான் சொன்னாள், ஒரே தோளில் பாரம் தொங்கவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். அவருடைய பழைய தோள்பை உனக்குத் தெரியுமே, ஊரில் விற்கிற டிஸ்க்கெல்லாம் அதில்தான் இருக்கும், அதை மாட்டிக்கொண்டு நடந்தால் புயலில் சாய்ந்த பிர்ச் மரம் மாதிரி ஒரு பக்கமாகவே போவார். "அப்போ விடு, எல்லாம் முடிஞ்சுது" என்று அந்தப் பையைத் தூக்கி விறகுக் கொட்டகையில் எறிந்துவிட்டு சோஃபாவில் சாய்ந்தவர்தான். அவரோடு விளையாடப் போகிற சிநேகிதர் ரைமோ வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார், இவர் திரைச்சீலையை இழுத்து மூடுவார். ஏரியில் பனிக்கட்டி உடைந்ததைக்கூட எழுந்து பார்க்கவில்லை இல்மா. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

ஒரு நாள் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி நகரத்துக் கடைக்குப் போனேன். டிஸ்க் கோல்ஃபுக்கென்றே முதுகுப்பைகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. சிவப்பில் ஒன்று பார்க்க அத்தனை அழகு, ஆனால் டிஸ்க் நிரப்பினதும் பாரமெல்லாம் கீழே தொங்கி என்னைப் பின்னால் இழுத்தது. இன்னொன்றில் மடக்கு நாற்காலியே இருந்தது, காலியாகத் தூக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது பாசி நிறம். தோளில் மாட்டும் வார் அகலம், இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை, அடிப்பக்கம் கெட்டியாக இருந்ததால் தரையில் வைத்தால் சாயாமல் நின்றது, குனிந்து தேட வேண்டாம். கடையிலிருந்த டிஸ்க்குகளை அதில் அடுக்கச் சொல்லி மாட்டிக்கொண்டு படியில் ஏறி இறங்கினேன். கடைப்பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, விளையாடுறவங்க போட்டுப் பார்த்தாத்தானே சரியா இருக்கும்?" என்றாள். "விளையாடுறவர் சோஃபாவை விட்டு எழுந்தா நான் ஏன்மா இங்க வந்து படியேறிக்கிட்டு இருக்கேன்?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஹெல்வி, மலையேறப் போறியா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார், தொடவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவருடைய டிஸ்க்குகளைப் புதுப் பையில் திணித்து, மாட்டிக்கொண்டு, பைன் காட்டுப் பக்கமுள்ள மைதானத்துக்கு நானே கிளம்பிவிட்டேன். இரண்டாவது கூடைக்குப் போவதற்குள் பின்னால் சத்தம், "அடியே, அந்த மஞ்சள் டிஸ்க்கை எடுக்காதே, ஏரியில போயிடும்!" வீட்டுச் செருப்போடு சேற்றில் வந்து நிற்கிறார் மனுஷன்! "அப்ப நீங்களே வீசுங்க" என்று கையில் கொடுத்தேன். வீசினார். மரங்களுக்கு நடுவே வளைந்து போய்க் கூடையின் சங்கிலியில் சலங்கென்று விழுந்தது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று பிசியோ பெண் சொன்னதால் அன்று சாயங்காலம் டிஸ்க்குகளைச் சமையலறை மேசையில் பரப்பினோம். ஒன்றைக்கூட விட மனசில்லை அவருக்கு. "எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி ஹெல்வி" என்றார். "பெத்த பிள்ளையே உலகத்தோட அந்தக் கோடியில இருக்கா, அவளையே விட்டுட்டு இருக்கோம், இந்த பிளாஸ்டிக்கை விட முடியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.  பிறகு ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். மீதியைக் கனமானது முதுகை ஒட்டி வருகிற மாதிரி அடுக்கினோம், காப்பி பிளாஸ்க் பக்கப் பையில், அடிக்கடி எடுக்கிற டிஸ்க் மேல் பையில். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி அப்புறம்தான் தோள் வாரை இழுக்க வேண்டும், அப்போது பாரம் இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். ஈரத் துண்டை மட்டும் உள்ளேயே மறந்துவிடக் கூடாது, ஒரு தடவை மறந்தார், மீன் கூடை மாதிரி நாறியது.

ஒதுக்கி வைத்த டிஸ்க்குகளை வீசித்தான் நான் விளையாடக் கற்றுக்கொண்டேன். நடுக்கோடைத் திருநாளுக்கு நடந்த ஜோடிப் போட்டியில் பெயரும் கொடுத்துவிட்டோம். பையை ஆளுக்குப் பாதி வழி சுமந்தோம். கடைசிக் கூடை வரைக்கும் ரைமோவும் அவர் மனைவி சினிக்காவும் நாங்களும் சரிக்குச் சரி, அவர்கள் முடித்துவிட்டார்கள். என் டிஸ்க் விழுந்தால் நாங்கள் முதல், விழாவிட்டால் இரண்டாவது. "மூச்சை விடு ஹெல்வி, கையை இறுக்காதே" என்று உன் அப்பா காதோரம் சொல்கிறார், "பொண்டாட்டிக்குப் பாடம் எடுத்தது போதும்பா, சாசேஜ் கருகுது" என்று ரைமோ அங்கிருந்து கத்துகிறார். வீசினேன். சங்கிலியில் பட்டு, ஒரு ஆட்டம் ஆடி, வெளியே விழுந்து, புல்லில் உருண்டு நேராக ரைமோவின் காலடியில் போய் நின்றது. உன் அப்பா சிரித்தார் பார், முழங்காலைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதுகு போச்சு என்று நான் ஓடினேன். அவர் யார் கையையும் பிடிக்காமல் தானாகவே நிமிர்ந்து நின்றார், நிமிர்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். நாங்கள் தோற்ற கதை இதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆட்டைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, இந்தக் குடும்பத்துக்கு முதுகு ராசியில்லை. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், கழுத்து எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நாடாவால் அளந்து எழுதி அனுப்பு. உனக்கும் ஒரு பை வாங்கி வைக்கிறோம், கிறிஸ்துமஸுக்கு வந்தால் பனியிலும் விளையாடலாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
இரண்டாம் பரிசு வென்ற உன் அம்மா,
ஹெல்வி