இடது கண்ணில் பார்த்த மஞ்சள்

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் போனில் நீ "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை, நீ "ம்" என்றாலே எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள், பதினெட்டு நாள் ஆகிறது. உன் தங்கைதான் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறாள், விடும்போதெல்லாம் "அசையாதம்மா, உலை முன்னால நாள் முழுக்க சிலையாட்டம் உக்காருவியே, இதுக்கு ஒரு நிமிஷம் முடியலையா" என்று ஏசுகிறாள். குனியக் கூடாது, நெருப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். இடது கண்ணை அடுத்த மாதம் செய்வார்களாம். கட்டைப் பிரித்த அன்றைக்கு, சுவருக்கு எதற்கு இப்படி நீலம் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நர்ஸ் பெண் சிரித்துவிட்டு "பாட்டி, அது வெள்ளைச் சுவரு" என்றாள். அப்போதே எனக்கு நம் பட்டறை உளி ஞாபகம் வந்தது.

ஏன் வந்தது என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மருமகளும் இதைப் படிப்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். உளியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கெட்டிதான், ஆனால் ஒரு அடியில் தெறிக்கும். அதனால் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துத் திரும்பவும் மெல்லச் சூடு காட்ட வேண்டும். சூடு ஏற ஏற அந்த வெள்ளையில் ஒரு மஞ்சள் ஓடி வரும், கோதுமை நிறம் வந்ததும் தண்ணீரில் விட வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் உடையும், பிந்தினால் நீலம் ஏறி மழுங்கும். உன் அப்பா இருந்தவரை நெருப்பு அவருடையது, நிறம் என்னுடையது. அவருக்குப் பிறகு நெருப்பு உன்னிடம் வந்தது, நிறத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, நீ தோளில் கிழிந்த அந்தச் சாம்பல் சட்டை போட்டிருந்தாய். கல் கொத்துகிறவர் உடைந்த உளியோடு வந்து நின்றார், சில்லுத் தெறித்துக் கன்னத்தில் கட்டு, அந்த மாதத்தில் அது ஐந்தாவது உளி. "முதல் காய்ச்சல்லயே எஃகைக் கருக்கிட்டே, உங்கப்பன் நெருப்பு முன்னால உக்கார உனக்கு லாயக்கில்ல" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். நீ, "இல்லம்மா, நீ எடுக்கிறதுதான் முந்துது, ஒரு தடவை பாரேன்" என்றாய். என் கண்ணையா சொல்றே என்று இடுக்கியை வீசினேன். நீ கையைக் கழுவினாய், அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டாய். நீ போன பிறகும் உளி உடைந்தது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா. சம்மட்டிக்காரரை நெருப்புக்கு உட்கார வைத்து அவரைத் திட்டினேன், கரியில் ஈரம் என்று கரிக்காரரோடு பேச்சை நிறுத்தினேன், எஃகே கலப்படம் என்றேன். நீ இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூட்டை ஒரு பெட்டி எண்ணாகவே காட்டிவிடுமாமே, மருமகள் சொன்னாள். பெட்டிக்குப் புரை வராது, நல்லதுதான்.

அந்த உடைந்த உளியை நான் எறியவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி என் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன், என்றைக்காவது நீ வந்து தப்பு என்னுடையது இல்லை என்று சொன்னால் முகத்துக்கு நேராக நீட்டுவதற்கு. உன் அம்மா அப்படிப்பட்டவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து பிரித்தேன். உடைந்த இடத்துக்குப் பின்னால் நான் தேய்த்த பாகம் அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், அழகான கோதுமை நிறம். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், வெறும் வெள்ளை. மாற்றி மாற்றி மூடித் திறந்தேன், கண் உறுத்துதா என்று உன் தங்கை ஓடி வந்தாள். நிறமே வரவில்லையடா. என் கண்ணில் இருந்த மஞ்சளை உளியில் இருப்பதாக நினைத்து முந்தி முந்தி எடுத்திருக்கிறேன். உடைந்த வாயையும் பார்த்தேன், கருகிய எஃகு என்றால் சர்க்கரை மாதிரிப் பருக்கை பருக்கையாக இருக்கும், இது மாவு மாதிரி நைசாக இருந்தது. உன் நெருப்பு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கே அதைப் பார்த்திருக்கலாம், கோபத்தில் நான் எங்கே பார்த்தேன்.

அன்றைக்குப் பட்டறையில் யார் யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். சம்மட்டிக்காரர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கரிக்காரர் "இதை எழுதிக் குடுங்க, கடையில மாட்டி வைக்கிறேன்" என்று சிரித்தார், அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை, அது வேறு விஷயம். சாணைக்காரர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் அவர் மனைவியிடம் சொன்னேன். "அவரு அப்பவே சொன்னாரு, பையன் மேல தப்பில்லைன்னு" என்றாள். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றால், "உங்ககிட்ட யாரு சொல்றது?" என்கிறாள். கல் கொத்துகிறவர் கன்னத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது, அவரிடம் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன். பையனுக்கு எழுதினீங்களா என்று மட்டும் கேட்டார்.

இன்னும் ஒரு ஆள் பாக்கி. குட்டி அன்றைக்கு மருமகள் இடுப்பில் இருந்தாள், மூன்று வயது. இடுக்கி விழுந்த சத்தத்தில் அழுதாள், "அப்பா என்ன பண்ணுச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள், இரும்பைக் கெடுத்துட்டான் என்று சொன்னேன். அவளுக்கு அது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்பாய். அவள் என் பேத்தி, இருக்கும். அவளிடம் நீ சொல்லாதே, மருமகளும் சொல்ல வேண்டாம், போனிலும் வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும். அதற்கு அவளை நீதான் அழைத்து வர வேண்டும், ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் தனியாக எப்படி வரும்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உனக்கு நாற்பது தாண்டிவிட்டது, என் அம்மாவுக்கும் இதே புரை இருந்தது, வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் கண்ணைக் காட்டு, மறந்துவிடாதே. யார் மேலாவது அளவுக்கு மீறிக் கோபம் வந்தால் மறுநாளே போய்க் காட்டு.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா