பேய்க்கும் தாகம் எடுக்கும்

உன் கண்ணாடி ஜாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது. நன்னாரி வாசம் போவேனா என்கிறது. வெந்நீர் ஊற்றினேன், எலுமிச்சைத் தோல் போட்டேன், ஊஹூம். மூடியைத் திறந்தால் நீ வாசலில் நின்று, "என்னடி, டீ போட்டாச்சா?" என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று குழாயை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நேற்று உன் வீட்டில் ஹாலோவீன் பார்ட்டி நடந்தது. நல்லபடியாக முடிந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாங்கள் வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்த புதிது, ஞாபகம் இருக்கிறதா? சாம்பாருக்கு முருங்கைக்காய் கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன். "ஃப்ரீசர்ல இருக்கு, எடுத்துக்கோ" என்றாய். திறந்தால், வெள்ளை வெளேரென்று விரல்களோடு ஒரு கை! நான் போட்ட கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த உன் குழந்தை நிலா எழுந்து அழுதாள். நீயானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்தாயாம், பார்ட்டி ஜூஸில் மிதக்கவிட. பாவி!

"நம்ம ஊர்ல பேய் அண்டக்கூடாதுன்னு வாசல்ல பூசணிக்காய் கட்டுவாங்க. நீ என்னடான்னா அதைக் குடைஞ்சு, உள்ள விளக்கேத்தி, வா வான்னு கூப்பிடுறே" என்று சண்டைக்கு வந்தேன். நீ அசரவில்லை. "வரட்டுமே. பேய்க்கும் தாகம் எடுக்கும்ல? ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா குடுத்தா சொன்ன பேச்சு கேக்கும்" என்றாய். மதுரைக்காரியிடம் வாய் கொடுத்து மீள முடியுமா?

கடையில் விற்கிற பச்சைச் சாயத் தண்ணீரை நீ தொட்டதே இல்லை. பீட்ரூட் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ரத்தம். சப்ஜா விதையை ஊறவைத்தால் தவளை முட்டை. லிச்சிப் பழத்துக்குள் ஒரு புளூபெர்ரியைச் செருகினால் முழிக்கிற கண். எல்லாவற்றுக்கும் மேலே உன் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பாலில் நன்னாரி ஊற்றி, கொழகொழவென்று ஊறிய பாதாம் பிசினைப் போட்டு, சூனியக்காரியின் மூளை என்று சொல்லிக் கொடுப்பாய். தெருப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடிப்பார்கள். அப்புறம் கப்பை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

இந்த வருஷம் பனி விடுவதற்குள் நீ போய்விட்டாய். நிலா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளி வந்தது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கூடாது என்று ஒரு மத்தாப்புகூட கொளுத்தவில்லை. அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, கேன் வி டூ தி பார்ட்டி? அம்மாவோட ட்ரிங்க்ஸ் நீங்க பண்ணுவீங்களா?"

நீ போன வீடு. அதன் வாசலில் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டு, அட்டைக் கல்லறையை நட்டுவைத்து, ரத்தம் என்று சொல்லி ஊற்றிக் கொடுப்பதா? நட்ட நடுவில் அந்தப் பெண் உடைந்துபோனால் என்ன செய்வேன்? உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா இத்தனை மாசத்துல அவ வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். ஊர்ல அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே, உன் மாமியாரை நானே வீடியோ காலில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பேய்ப் பண்டிகை பஞ்சாங்கத்துல போட்டிருக்காம்மா?"

"இல்லைங்கம்மா."

"பஞ்சாங்கத்துல இல்லாதது எப்படிப் பண்டிகையாகும்? பிள்ளை கேட்டா செஞ்சு குடு. அவ அம்மா இருந்தா செய்ய மாட்டாளா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்தப் பாதியையும் பாதாம் பிசின் வாங்கப் பார்த்தது. அது ஊறினால் எவ்வளவு ஆகும் என்று உனக்குத் தெரியும். எனக்குக் குடிக்க மட்டும்தானே தெரியும்? அத்தனை பிள்ளைகளுக்குப் பத்துமா என்று கை கையாக அள்ளிப் போட்டு, முந்தின நாள் உன் அடுப்படியில் ஊறவைத்துவிட்டு வந்தேன். காலையில் போனால், பாத்திரம் நிரம்பி, மேடையெல்லாம் வழிந்து, ஸிங்க் பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறது! ஐயையோ என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

நிலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பார்த்தாள். "ஆன்ட்டி... இட்ஸ் அலைவ்!"

சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள், உன்னை மாதிரியே. சிரித்துக்கொண்டே இருந்தவள் ஓவென்று அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். "அம்மா ஒன் ஸ்பூன்தான் போடுவா" என்று விக்கினாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். எத்தனை மாதத்து அழுகை! ஒருவழியாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, வழிந்து கிடந்ததை விரலால் தொட்டுப் பார்த்து, "உவ்வே, சோ க்ராஸ்" என்று மறுபடி சிரித்தாள். வீட்டில் இருந்த சட்டி பானை எல்லாவற்றிலும் இரண்டு பேருமாக அள்ளி நிரப்பினோம்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஐஸ் கை மிதந்தது. எலும்புக்கூட்டை நிலாவே தொங்கவிட்டாள். உன் ஜாடியிலிருந்து முதல் கப் ஜிகர்தண்டாவை நிரப்பியவள், யாருக்கும் கொடுக்காமல் வாசலுக்குக் கொண்டுபோய், விளக்கு வைத்த பூசணிக்காய் பக்கத்தில் வைத்தாள்.

"யாருக்குடா அது?"

"ஃபார் தி ரியல் ஒன்" என்றாள். "எக்ஸ்ட்ரா பிசின் போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுத் தோழிகளோடு ஓடிவிட்டாள். படையல் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உன் வீட்டுக்காரர் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ப் பாலைக் கலக்கினேன், கலக்க வேண்டிய அவசியமே இல்லாதபோதும்.

இன்று காலை அவர் போன் பண்ணினார். கப் காலியாகக் கவிழ்ந்து கிடந்ததாம். அணிலாக இருக்கும் என்றார். இருக்கும் இருக்கும் என்றேன். நிஜத்தைச் சொல், நன்னாரி சரியாக இருந்ததா?

இந்த ஜாடியை நேற்றே கழுவி உன் அலமாரியில் வைத்துவிட்டு வரத்தான் பார்த்தேன். நிலா விடவில்லை. என் கையில் திணித்துவிட்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி. நெக்ஸ்ட் இயர் வேணும்ல?"

கேட்டாயா? அடுத்த வருஷம் என்கிறாள் உன் பெண். ஜாடியைத் துடைத்து என் அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன், வாசத்தோடேயே. நீ கவலைப்படாதே. அடுத்த தடவை ஒரு ஸ்பூன்தான் போடுவேன்.